இடது முன்சக்கரம்

என் மகள் காரைக் கேட்டபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. இரண்டும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஜனக்புரியில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே வேப்பமரத்தடியில் வண்டி சும்மா நின்று தூசி தின்றுகொண்டிருந்தது. அவளுக்கோ குர்கானில் வேலை. குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டு ஹைவேயில் ஆபீசுக்கு ஓட வேண்டும். ஓட்டட்டுமே, அதற்குத்தானே வண்டி? ஆனால் அந்த வண்டியின் இடது முன்சக்கரத்தில் ஒரு காயம் இருந்தது. அது எப்படி வந்தது என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று என் மனைவி. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் அந்தக் காயத்தைப் பார்த்து “இது எப்பப்பா பட்டுது?” என்று கேட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்கார் ஆபீசில் ஃபைல் தள்ளியவன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் ஸ்கூட்டர்தான். ரிட்டயர் ஆனதும் கார் வாங்கினேன். வாங்கினால் அலாய் வீல் வைத்த மாடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சாதா இரும்புச் சக்கரத்துக்கு பிளாஸ்டிக் மூடி மாட்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் இளக்காரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன் என்றால் நாலு சக்கரத்துக்கும் ஆரம் ஆரமாகத் தேய்த்து முடிக்கப் பதினொரு மணி ஆகும். கீழ் வீட்டுப் பஞ்சாபிக்காரர், “அங்கிள்ஜி, காடி கோ நஹலா ரஹே ஹோ யா உஸ்கி ஷாதி ஹை?” என்று கேட்டுவிட்டுப் போவார். குளிப்பாட்டுகிறீர்களா, கல்யாணமா என்று. கேட்கட்டும், எனக்கென்ன?

அந்தக் காயம் பட்டது ஒரு ஜனவரி மாதக் காலையில். ஆறரை மணி, வெளியே மூடுபனி. என் மனைவி சமையல்கட்டில் நின்றபடி, “நெஞ்சு என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குங்க” என்றாள். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணி வைத்துக் குடித்தாள். கால் மணி நேரத்தில் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. டெல்லி ஜனவரியில் வேர்க்கிறது என்றால் எனக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்று நானே முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளப்பினேன். மகளுக்குப் போன் போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பங்கா ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பனியில் நடைபாதைக் கல் தெரியவில்லை. இடது பக்கம் ‘கிர்ர்ரக்’ என்று ஒரு சத்தம். கல்லில் சக்கரம் இழுத்த சத்தம். பல்லெல்லாம் கூசியது. நான் வண்டியை நிறுத்தினேன்.

இறங்கினேன். ஆமாம், இறங்கினேன். பக்கத்தில் பொண்டாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இந்தப் பெரிய மனுஷன் இறங்கிப்போய் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதைத் தேய்த்துப் பார்த்தேன், அழுக்காக இருந்தால் போகட்டும் என்று. போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே கார்க் கண்ணாடிக்குள்ளே அவள் முகம். குளிருக்காகக் கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தோம். “ஒண்ணுமில்ல, சின்னக் கீறல்தான்” என்று அவளிடம் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன், அவளைப் பார்த்து. அவளும் தலையை ஆட்டினாள் என்று நினைத்தேன்.

மறுபடி ஏறி ஓட்டினேன். எத்தனை நேரம் நின்றேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அது அரை நிமிஷமாகக் குறையும். சில நாள் மூன்று நிமிஷம்கூட இருக்குமோ என்று தோன்றும், அன்றைக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், சின்னப் பையன், கையெழுத்து வாங்கும்போது “அங்கிள், தோடா பஹலே லாதே” என்றான். கொஞ்சம் முன்னாலே கொண்டுவந்திருக்கலாமே என்று. எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கும். எனக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் இல்லை.

அந்த நிறுத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சக்கரத்தையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேய்ப்பெல்லாம் அதோடு போயிற்று. வண்டியில் ஏறப்போனால் வலது பக்கமாகவே சுற்றிப் போவேன், அந்தப் பக்கம் கண் போகாமல் இருக்க. ஆனால் அது என்னை விட்டதா? மற்ற மூன்று டயரும் மாசக் கணக்கில் காற்று தாங்கும். இது பத்து நாளைக்கு ஒரு தடவை தொய்ந்துவிடும். டயர் கடைக்காரர் வால்வை மாற்றினார், டயரையே மாற்றினார். அப்பவும் தொய்ந்தது. நான் பேய் பிசாசை நம்புகிறவன் கிடையாது. இருந்தாலும் அந்தச் சக்கரத்துக்குக் காற்று பிடிக்கும்போதெல்லாம் முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும்.

மகள் வண்டியை எடுக்க வருகிறேன் என்று சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. வெளியே கொடுத்துச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்தால், “கைசே லகா, அங்கிள்?” என்று அவன் கேட்பான். எப்படி அடிபட்டது என்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதற்குப் பயந்து நானே செய்வது என்று முடிவு கட்டினேன். உத்தம் நகரில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போய் பள்ளத்தை அடைக்கிற உலோகப் பட்டி, பிரைமர், வெள்ளி நிற ஸ்பிரே, மேலே அடிக்கிற கிளியர் கோட், நாலு தினுசு உப்புத்தாள் எல்லாம் வாங்கி வந்தேன். இங்கே உப்புத்தாளை ரெக்மால் என்கிறார்கள். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், கடையில் போய் நின்றால் இன்னும் எனக்கு உப்புத்தாள் என்றுதான் வாயில் வருகிறது.

ஒரு சக்கரத்தை மட்டும் செய்தால் சந்தேகம் வரும் என்று நாலையும் செய்யத் தீர்மானித்தேன். திருட்டுப் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். மற்ற மூன்றும் முரண்டு பண்ணவில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவி, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நடுத்தரம், கடைசியில் தண்ணீர் தொட்டு நைஸ் தாள் என்று தேய்த்தேன். டயரில் பெயிண்ட் படாமல் இருக்க, காற்றை இறக்கிவிட்டு, டயருக்கும் விளிம்புக்கும் நடுவே அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் சொருக வேண்டும். வீட்டில் கெட்டியான அட்டை என்றால் கல்யாணப் பத்திரிகைதான். டெல்லியில் இருக்கிற சொந்தக்காரர்கள் பாதிப் பேரின் கல்யாணத்தையும் கத்திரிக்கோலால் நறுக்கிச் சொருகினேன். ஸ்பிரே டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்கி, மத்தியான வெயிலில் மெல்லிசாக மூன்று கோட் அடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பளபளவென்று வந்துவிட்டது. பஞ்சாபிக்காரர் நின்று பார்த்து “வாஹ்” என்றார்.

இடது முன்சக்கரத்துக்கு வந்தேன். அங்கேதான் வினை.

அந்தச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், தலைக்கு மேலே அன்றைக்கு என் மனைவி உட்கார்ந்த பக்கத்துக் கண்ணாடி. வேறு எப்படியும் உட்கார முடியாது, சக்கரம் இருக்கிற இடம் அது. நான் நிமிரவே இல்லை. உப்புத்தாளைப் பார்த்தேன், என் நகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். கழுத்து வலித்தது. எழுந்திருக்கும்போதுகூடக் குனிந்தபடியே இரண்டடி நகர்ந்துபோய்த்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் யார் இருக்கப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. அது தெரிந்துதான் நிமிரவில்லை.

காயத்தில் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளி அடித்தேன். மாலையில் சமமாக இருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அதே இடத்தில், அதே விரல் நீளத்துக்கு, ஒரு கோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெயிண்ட் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “பட்டி பைட் கயீ, அங்கிள்” என்றார். பட்டி உள்வாங்கிவிட்டது என்று அர்த்தம். நான் அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அப்பியிருக்கிறேன். குளிரில் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரையும் கூடப் போட்டிருக்கிறேன். மெல்லிசாக வைத்து, காயவிட்டு, மறுபடி வைக்க வேண்டுமாம். சரி என்று எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு இரண்டாம் தடவை செய்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கோடு வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் செய்தேன். வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “என்னதான் வேணும் ஒனக்கு?” என்று சக்கரத்தைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். யாரிடம் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மகள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், உலோகம் தெரிகிறவரைக்கும் முழுக்கச் சுரண்டினேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்து பார்த்தேன். கோடு காயத்தோடு நிற்கவில்லை. விளிம்பில் ஆரம்பித்து, தலைமுடி கனத்துக்கு உள்பக்கமாக ஓடியது. சந்தேகம் வந்துவிட்டது. டயரில் காற்று பிடித்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்துத் தடவினேன். கோட்டின் மேலே குட்டிக் குட்டியாகக் குமிழி விட்டது. கீறல் இல்லை, விரிசல். அன்றைக்கு விழுந்த விரிசல். மூன்று வருஷமாகக் காற்று போனது வால்வு வழியாக இல்லை, இது வழியாக. பட்டி உள்வாங்கினது ஒரு பங்கு என்றால், அடியில் இருந்து காற்று தள்ளியது இன்னொரு பங்கு.

இப்படி விரிசல் விட்ட அலாய் வீல் ஹைவே வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்தைப் பற்றித் தெரியாமல் என்ன, அதைப் பற்றித்தானே எனக்கு எல்லாம் தெரியும்! ஸ்டெப்னியை மாட்டிவிட்டு “பஞ்சர்” என்று சொல்லலாம் என்று யோசித்தேன். மகள் விடமாட்டாள், பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனால் கடைக்காரன் விரிசலைப் பார்த்துவிடுவான், எப்படி அடிபட்டது என்று கேட்பான், அவள் என்னிடம் கேட்பாள். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் பட்டியை எடுத்துக் குழைத்தேன். விரிசலின் மேலே வைத்தேன். மெல்லிசாக, பக்குவமாக, கடைக்காரர் சொன்னபடி. வெயில் இருக்கும்போதே பிரைமரும் வெள்ளியும் அடித்துவிட்டேன். வேலை முடிந்து கை கழுவும்போது, இரண்டு மாசம் தாங்கினால் போதும், அப்புறம் நாமே ஏதாவது சாக்குச் சொல்லிப் புதுச் சக்கரம் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் டாக்ஸியில் வந்து இறங்கினாள். சக்கரங்களைப் பார்த்ததும், “அரே வாஹ்! அப்பா, நீங்களா பண்ணீங்க? புதுசு மாதிரி இருக்கு” என்றாள். சுற்றி வந்து பார்த்தாள். இடது முன்சக்கரத்துக்கு எதிரே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள் என்று எனக்குப் பட்டது. ஒன்றும் கேட்கவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அவள் டாக்ஸியில் இருந்து குழந்தை உட்கார்கிற சின்ன சீட்டை எடுத்து வந்தாள். பின்கதவைத் திறந்து அதை வைத்து, பெல்ட்டைக் கோத்து இறுக்கினாள். அசைகிறதா என்று இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். திருப்தி வராமல் மறுபடி அவிழ்த்து மறுபடி இறுக்கினாள். சீட்டில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது, அதையும் தட்டிவிட்டாள். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். வண்டி கிளம்பியது.

“நிறுத்துட்டி” என்றேன். கண்ணாடிக்குள் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. பானெட்டின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தேன். திடுக்கிட்டு நிறுத்தினாள்.

“என்னாச்சு அப்பா?”

“எறங்கு. இந்த வண்டில போகக் கூடாது. சக்கரத்துல விரிசல் இருக்கு.”

“எதுல?”

“இதுல. நாந்தான் பட்டி வச்சு மறச்சேன். நேத்து. தெரிஞ்சேதான் மறச்சேன்.”

அவள் இறங்கி வந்து நின்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். மெதுவாக, “எப்பப்பா அடிபட்டுது?” என்று கேட்டாள். எந்தக் கேள்விக்காக இரண்டு வாரம் ஓடினேனோ அந்தக் கேள்வி. பார்க்கிங்கில் எவனோ இடித்துவிட்டான், பஞ்சர் கடையில் கீழே போட்டுவிட்டான், பள்ளத்தில் விழுந்தது என்று மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“ஒங்கம்மாவைக் கொண்டுபோன அன்னைக்கு” என்றேன். மீதியையும் சொன்னேன். பங்கா ரோடு, பனி, சத்தம், நான் இறங்கினது, எச்சில் தொட்டுத் தேய்த்தது, சின்னக் கீறல்தான் என்று அவளிடமே சொன்னது. காரின் மேலே கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மகள் சக்கரத்தைப் பார்த்தபடியே, “தெரியும்பா” என்றாள்.

“என்னது?”

“அம்மா சொன்னா. ஐசியூல, ரெண்டாவது நாள். கொஞ்சம் நல்லா இருந்தா இல்ல, அப்போ. ‘சக்களத்திக்கு அடிபட்டுட்டுன்னு ஒங்கப்பா நடுரோட்டுல எறங்கி நலம் விசாரிச்சுட்டு வந்தாவ’ன்னு சொல்லிச் சிரிச்சா. நர்ஸ் வந்து, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாதுன்னா. அதுக்கும் சிரிச்சா.”

என் மனைவி அப்படித்தான் பேசுவாள். மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், திருநெல்வேலிப் பேச்சு அவள் வாயில் சரியாக வராது. ஆனால் அந்த ஒரு வரி மட்டும் அம்மா சொன்ன மாதிரியே வந்தது.

“கேக்காத, அவர் ஒடைஞ்சு போயிருவாருன்னு சொன்னா. அதனால கேக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மூணு வருஷம்பா. அம்மா சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. உங்க மேல எவ்ளோ கோபம் தெரியுமா எனக்கு? இப்பவும் போகல.”

“அது இருக்கட்டும். அவ கோவமா இருந்தாளா? அதச் சொல்லு எனக்கு.”

“இல்லப்பா.”

“வேற என்ன சொன்னா?”

“சோடோ நா, அப்பா. விடுங்க.”

“சொல்லுட்டி.”

என்னைப் பார்க்காமல் சொன்னாள். “கண்ணாடியைத் தட்டினாளாம். மூச்சு முட்டிச்சாம், போலாம்னு சொல்லத் தட்டினாளாம். ரெண்டு தடவை. நீங்க நிமிர்ந்து பாத்து ஏதோ பேசிட்டு மறுபடி குனிஞ்சுட்டீங்களாம்.”

மறுபடி குனிந்தேனா? ஒரு தடவை நிமிர்ந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அதற்கு அப்புறமும் குனிந்து பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

அன்றைக்கு வண்டி போகவில்லை. நாங்கள் இரண்டு பேருமாகவே ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினோம். அவள் போல்ட்டுகளை வாங்கி வாங்கி ஒரு டப்பாவில் போட்டாள். குர்கான் திரும்ப அவள் மெட்ரோவுக்குப் போனபோது, “சாப்பிடுங்க அப்பா” என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடியைத் தட்டினேன் என்று சொன்னது பொய்யாக இருக்காது. என் மனைவிக்குச் சின்ன விஷயத்தில்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாது. தட்டியிருப்பாள். அந்தக் காலையின் எல்லாச் சத்தமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சக்கரம் கல்லில் இழுத்த சத்தம், எங்கேயோ பால் வண்டி ஹாரன் அடித்தது, என் முழங்கால் சொடுக்கினது, கட்டைவிரல் உலோகத்தில் தேய்ந்த சத்தம்கூட. தினமும் உட்கார்ந்து ஒன்றொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். அவள் தட்டினது மட்டும் எனக்கு இன்னும் கேட்கவில்லை.